கடைசி ஓட்டத்து ரிசல்ட்

சொந்தக்காரங்கன்னு யாரும் இல்லீங்க நாகர்கோவில்ல. ஒருத்தர்கிட்ட ஒரு விசயம் கேக்க வேண்டியிருந்துச்சு. வந்தேன், கேட்டேன், இதோ பஸ் ஏறித் திரும்பிப் போறேன். அவ்வளவுதான்.

அதுக்குன்னே கோயமுத்தூர்ல இருந்து வந்தியான்னு பாக்கறீங்க. அவரும் அப்படித்தான் பாத்தாரு.

உங்க வீட்டுல கிரைண்டர் இருக்குதுங்களா? மேடை மேல வெக்கற சின்ன கிரைண்டர். இருக்குமே. மாவு ஆட்டறப்ப பாத்திரம் சுத்துதுங்களா? அதைச் சுத்த வெக்கற இரும்புத் தண்டு அடியில இருந்து வரும். அந்தத் தண்டைச் சுத்தி மோதிரம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் இருக்கும். வெளிய தெரியாது. அதுக்குப் பேரு புஷ்ஷு. அந்தப் புஷ்ஷுல என்னென்ன பொடி எவ்வளவு கலக்கணும்னு பாக்கறதுதான் என் வேலை. வேலையா இருந்துச்சு. கோயமுத்தூர்ல கணபதிங்கற ஏரியாவுல ஒரு கம்பெனி. என் பேரு அமராவதி.

பிளாஸ்டிக்குல எதுக்குப் பொடின்னு எல்லாருமே கேப்பாங்க. என் அண்ணனே கேட்டிருக்காரு. வெறும் நைலான் இருக்குது பாருங்க, அது நல்ல சாமானுதான். ஆனா சூட்டை வெளிய விடாது. தண்டு அதுக்குள்ள சுத்தச் சுத்த உரசிச் சூடு உண்டாகுமில்லீங்களா? இரும்பா இருந்தா அந்தச் சூட்டை வாங்கி அந்தப் பக்கம் தள்ளி விட்டுரும். நைலான் அப்படியே உள்ளுக்குள்ள வெச்சுக்கும். வெச்சு வெச்சு, ஒரு நாள் உப்பி, தண்டைப் போய்க் கவ்விப் புடிச்சுக்கும். மோட்டார் முனகும். அப்பறம் கிரைண்டர் நின்னு போயிரும்.

போன வருசத்துக்கு முந்தின கோடையில அதுதான் ஆச்சு. சேலத்துல இருந்து, வேலூர்ல இருந்து, எங்கெங்க வெயில் அதிகமோ அங்கிருந்தெல்லாம் கிரைண்டர் திரும்பி வந்துச்சு. எங்க ஓனர் என்னையக் கூப்பிட்டு, உருகிப் போன புஷ்ஷை எல்லாம் மேசை மேல வரிசையா வெச்சாரு. "அமராவதி, ஆடிக்குள்ள எனக்குப் புது புஷ் வேணும். உன்னால ஆகலைன்னா சொல்லிரு, கலந்த சாமானா வெளியில வாங்கிக்கறேன்"ன்னாரு. வெளியில வாங்கினா அப்பறம் எங்க கலக்கற ரூம் எதுக்கு? நான் எதுக்கு? அவரு அதை வாய்விட்டுச் சொல்லலை. சொல்லணுமா என்ன.

அப்பத்தான் ஞானசிகாமணி சார் கூட வேலை செஞ்சது. அவரு ஏற்கெனவே கம்பெனில இருந்தவருதான், மெஷின் மெயின்டனன்ஸ்ல. டெஸ்ட் ரூமை அவருகிட்டக் குடுத்தாங்க. நாகர்கோவில் பக்கத்துக்காரரு. என்னைவிட ரெண்டு மூணு வயசு மூப்பு இருக்கும். சம்சாரம் தவறிட்டாங்க, ஒரே பொண்ணு பஹ்ரைன்ல. அதிகம் பேச மாட்டாரு. பேசறது பூரா நான்தான். ஆனா நல்லாக் கேப்பாரு. இத்தனை வருசத்துல நான் பொடியைப் பத்திப் பேசுனா கேக்கற ஆளை அவரை மட்டுந்தாங்க பாத்திருக்கேன். இப்ப நீங்க கேக்கறீங்க.

டெஸ்ட் மெஷின் பெரிசா ஒண்ணுமில்லீங்க. ஒரு இரும்புத் தட்டு சுத்திக்கிட்டே இருக்கும். நான் கலந்து குடுக்கற பிளாஸ்டிக்குல சுண்டு விரல் மொத்தத்துக்கு ஒரு துண்டு செஞ்சு, அந்தத் தட்டு மேல எடை வெச்சு அழுத்தி விட்டுருவாங்க. உரசிக்கிட்டே ஓடும். எவ்வளவு தேயுது, எவ்வளவு சூடாகுது, தட்டுல கோடு விழுதான்னு பாக்கணும். நாள் கணக்குல ஓடும். ஙொய்ங்ங்னு ஒரு சத்தம். என் வீடு கம்பெனி மதிலுக்கு அந்தாண்ட சந்துதான். படுத்துக்கிட்டிருந்தாலும் கேக்கும். மத்தவங்களுக்கு அது தொந்தரவா இருக்கலாம். எனக்கு அது கேட்டாத்தான் தூக்கமே வரும். வீட்டுல வேற சத்தம் இல்லீங்களே.

மொதல்ல கண்ணாடி நார் போட்டேன். பொடிசு பொடிசா நறுக்கின நாரு. எல்லாரும் அதுதான் போடறாங்க. துண்டு தேயவே இல்லீங்க, கல்லாட்டம் நின்னுச்சு. எனக்கு ஒரே சந்தோசம். ஞானசிகாமணி சார் தட்டை நிறுத்தி விரலால தடவிப் பாத்து, "மேடம், இங்க வந்து பாருங்க"ன்னாரு. தட்டு பூரா கீறல். நாரோட முனை இரும்பை அறுத்திருக்குது. தான் தேயாம எதிராளியைத் தேய்ச்சிருச்சு. அதை வெச்சு என்ன பண்றது? தண்டை மாத்தணும்னா மொத்தக் கிரைண்டரையும் கழட்டணும்.

அப்பறம் டெஃப்லான் பொடி. தோசைக்கல்லுல பூசறாங்களே அதே ஜாதிதான். என்ன வழுவழுப்புங்கறீங்க! அது தட்டு மேல மெல்லிசா ஒரு பூச்சு மாதிரி தானே ஒட்டிக்கும், அப்பறம் உரசறதே தெரியாது. ஆனா துண்டு மெத்துனு போயிருச்சு, எடை தாங்கலை. சூட்டையும் வெளிய விடலை.

கடைசியாத்தான் கிராஃபைட்டுக்கு வந்தேன். பென்சில் முனை இருக்குதுங்களே, அது. வழுக்கவும் வழுக்கும், சூட்டையும் கடத்தும். கொஞ்சமாப் போட்டுப் பாத்தோம், வழுக்குச்சு, ஆனா சூடு கொறையலை. ஏன் கொறையலைன்னு அவரு கேட்டாரு. நான் சொன்னேன், "சார், பொடி ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி இருந்தா சூடு நடுவுல நைலான்ல மாட்டிக்கும். ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் கை மாறிக் கை மாறி வெளிய போகும்"ன்னு. அவரு கையில இருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே, "தொட்டுக்கிட்டு இருக்கணும், இல்லியா மேடம்"ன்னாரு. "ஆமாங்க சார், அதுக்கு அளவைக் கூட்டணும்"ன்னேன். உடனே போய்க் கூட்டிக் கலந்துட்டு வந்தேன்.

அந்தக் கோடை பூரா இப்படித்தாங்க. மத்தியானச் சோறு டெஸ்ட் ரூம்லயேதான். அவரு ஊருக்குப் போனா உங்க ஊருப் பலகாரம் முந்திரிக்கொத்து கொண்டாருவாரு. சாப்பிட்டுப் பாத்து நல்லா இருக்குதுன்னு ஒரு தடவை சொல்லிட்டேன், அதுக்கப்பறம் ஒவ்வொரு தடவையும் கொண்டாருவாரு. எனக்குன்னு ஒரு நாற்காலி எங்கிருந்தோ தூக்கிட்டு வந்து, கால் ஆடுதுன்னு அடியில ரப்பர் வெட்டி ஒட்டி வெச்சிருந்தாரு. நல்ல மனுசன். அதுல ஒண்ணும் சந்தேகமில்லை. நான் கோவத்துல சொல்றதால தப்பா நெனச்சுக்காதீங்க.

ஒரு நாள் சாயந்தரம், நான் வீட்டுக்குக் கெளம்பறப்ப சொன்னாரு. "மேடம், இந்த வேலை முடிஞ்சா நான் ஊருக்குப் போயிரலாம்னு பாக்கேன். ரப்பர் மரம் கொஞ்சம் நிக்கு. வீடு சும்மா கெடக்கு. நீங்களும் வந்தா நல்லா இருக்கும்."

"எனக்கு எங்கீங்க சார் லீவு இருக்குது?"ன்னேன்.

"லீவுக்கு இல்ல மேடம்"ன்னாரு.

"பின்ன?"

அவரு தட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்பறம், "ஒண்ணுமில்ல. சூடு ஏறுது, பாருங்க"ன்னாரு. நான் குனிஞ்சு பாத்தேன். சூடெல்லாம் ஏறலீங்க. அப்படியேதான் இருந்துச்சு. இவருக்குக் கண்ணு சரியில்லை போல, டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்.

சரி, கடைசி ஓட்டத்துக்கு வர்றேன். கிராஃபைட்டை நல்லாக் கூட்டி ஒரு கலவை போட்டேன். அதுல எனக்கு அவ்வளவு நம்பிக்கைங்க. சனிக்கிழமை காலைல துண்டை மாட்டி ஓட விட்டோம். மொதல் ரெண்டு மணி நேரத்துலயே தெரிஞ்சு போச்சு, சூடு ஏறவே மாட்டேங்குது. தட்டுல ஒரு கீறல் இல்லை. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. "சார், ஜெயிச்சுட்டோம்"ன்னேன். "திங்கக்கெழமை வரைக்கும் ஓடட்டும் மேடம், நான் பாத்துக்கறேன். நீங்க போய்த் தூங்குங்க"ன்னாரு.

ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவு. அவரு மட்டும் உள்ள. நான் வீட்டுல துணி தொவைச்சேன், தலைக்கு ஊத்திக்கிட்டேன், பாயசம் வெச்சேன். ஒருத்திக்குப் பாயசம் வெக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது, எப்படி வெச்சாலும் மிச்சமாயிரும். நாள் பூரா அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஙொய்ங்ங்னு. ஓடுது, ஓடுது, இன்னும் ஓடுதுன்னு நானே சொல்லிக்கிட்டேன். அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு அதுக்கு முன்னாடியும் இல்லீங்க, அப்பறமும் இல்லீங்க.

திங்கக்கிழமை கண்ணு முழிக்கறேன், சத்தம் இல்லை.

ஓடிப் போய்ப் பாத்தா மெஷினைத் தொடைச்சு வெச்சிருக்குது. துண்டைக் காணோம். ஆளையும் காணோம். ஓனர்கிட்டக் கேட்டா, "அந்த ஞானசிகாமணி காலைலயே வந்து வேலையை விட்டுட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரும்மா. 'நான்தான் ஓட்டத்தைப் பாதில நிறுத்திட்டேன், துண்டு தொலைஞ்சு போச்சு, தப்பு என்னுதுதான், மேடம் மேல ஒண்ணுமில்லை'ன்னாரு"ங்கறாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க? ஒரு வார்த்தை? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?

மறுபடி ஓட்டிக் காட்டறேன்னு ஓனர்கிட்டக் கெஞ்சினேன். நேரமில்லைன்னுட்டாரு. ஆடி வந்துருச்சு, வெளியில இருந்து கலந்த சாமான் மூட்டை மூட்டையா வந்து எறங்குச்சு. என்னை வேலையை விட்டெல்லாம் அனுப்பலீங்க, அவரு அப்படிப்பட்டவரு இல்லை. வர்ற மூட்டையைப் பிரிச்சு, ஈரம் பூந்திருக்குதான்னு பாக்கச் சொன்னாரு. இன்னிக்கு வரைக்கும் அதுதான் வேலை. கலக்கற மெஷின் மேல தார்ப்பாய் போட்டு மூடிட்டாங்க. மத்தியானத்துல நான் மட்டும் டெஸ்ட் ரூமுக்குப் போய்ச் சாப்புடுவேன். அந்தச் சத்தம் இல்லாமச் சோறு எறங்க மாட்டேங்குது. பழக்க தோசம்.

இத்தனை நாளும் அவரு மேல கோவந்தாங்க. ஜெயிச்ச கலவை. அதைக் கெடுத்துட்டுப் போயிட்டாரேன்னு. கூட வேலை செஞ்சவங்க அவரு பேரை எடுத்தாலே நான் எந்திரிச்சுப் போயிருவேன். அவரு ரெண்டு பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்பிச்சாரு. கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து ஒரு டப்பா கூரியர்ல வந்துச்சு. பதில் போடலை. முந்திரிக்கொத்தைச் சாப்பிட்டேன், கெட்டுப் போயிருமேன்னு.

போன வாரம் டெஸ்ட் மெஷினை ஒரு காலேஜுக்குக் குடுத்துட்டாங்க. நாலு பேரு வந்து தூக்கிட்டுப் போனாங்க. அது இருந்த எடத்துல தரை மட்டும் வேற நெறத்துல இருக்குது. அதைப் பாத்தவொடனேதான் எனக்குத் தோணுச்சுங்க. அந்தக் கடைசி ஓட்டம் என்னாச்சுன்னு இனி எப்பவுமே தெரியாமப் போயிருமேன்னு. லீவு போட்டேன். ஓனரே ஆச்சரியமாப் பாத்தாரு. பஸ் ஏறிட்டேன்.

இன்னிக்குக் காலைல வடசேரி பஸ் ஸ்டாண்டுல எறங்கி, விசாரிச்சு விசாரிச்சு வீட்டைக் கண்டுபுடிச்சேன். ஓட்டு வீடு, சுத்தி ரப்பர் மரம். கையில பால் வாளியோட மரத்துக்கு நடுவுல இருந்து வர்றாரு. மாட்டுப் பால் இல்லீங்க, ரப்பர் பால். என்னையப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாரு. வாளியை எங்க வெக்கறதுன்னு தெரியாம இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாத்தறாரு. "மேடம்"ங்கறாரு. உள்ள ஓடிப் போய்ச் சட்டையை மாட்டிக்கிட்டு வந்தாரு. தையல் வெளிய தெரிய, திருப்பிப் போட்டிருந்தாரு. நான் சொல்லலை, சங்கடப்படுவாருன்னு.

மரச்சீனின்னு அவங்க சொல்ற மரவள்ளிக் கெழங்கு வேக வெச்சு, மீன் கொழம்பு காலைலயே வெச்சிருந்தாராம், சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னாரு. அப்பறம் எதிர்ல உக்காந்து, ரொம்பத் தயங்கித் தயங்கிக் கேட்டாரு. "சொல்லுங்க மேடம். என்னத்துக்கு இவ்வளவு தூரம்?"

"அந்தக் கடைசி ஓட்டம் என்னாச்சுன்னு கேக்க வந்தேன் சார்"ன்னேன்.

"இதக் கேக்கவா வந்தீங்க?"

"ஆமாங்க. வேற என்ன?"

எந்திரிச்சு உள்ள போனாரு. போனவரு வரவே இல்லை. வந்தப்ப கையில ஒரு சின்ன மாத்திரை பாட்டில். அதைக் கவுத்து என் உள்ளங்கையில கொட்டினாரு. என்னோட துண்டுங்க. ரெண்டாப் பொளந்து கெடக்குது.

"சனிக்கெழமை சாயந்தரமே ஒடஞ்சு போச்சு மேடம்"ன்னாரு.

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனேன். பொளந்த எடத்தைப் பாத்தேன், பாத்தவொடனே தெரிஞ்சு போச்சு. பொடி அதிகம். சூடு கடத்தறதுக்காக நான் அள்ளிப் போட்டேனில்லீங்களா, புடிச்சு வெக்கற நைலான் கொறைஞ்சு போச்சு. பிஸ்கட்டாட்டம் ஒடஞ்சிருக்குது. தோத்துப் போன கலவைங்க. ரெண்டு வருசமா நான் ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு நெனச்சுக்கிட்டிருந்தது.

"சனிக்கிழமையேவா? ஞாயித்துக்கிழமை பூரா சத்தம் கேட்டுச்சே சார்! நான் கேட்டேனே!"ன்னேன்.

"வெறும் தட்டை ஓட விட்டேன் மேடம்"ன்னாரு. "உங்களுக்குக் கேக்கும்லா."

நான் சும்மா விடலீங்க. நல்லாக் கேட்டுட்டேன். "டெஸ்ட் பண்றவரு பண்ணக் கூடாத ஒரே காரியம் ரிசல்ட்டை மறைக்கறது. ஒடஞ்சா ஒடஞ்சுதுன்னு சொல்லணும். சொல்லியிருந்தா ஓனர்கிட்டக் கேட்டு, பொடியைக் கொறைச்சு, கொஞ்சம் டெஃப்லான் சேத்து, இன்னொரு ஓட்டம் போட்டிருக்கலாமே சார். எதுக்கு மறைச்சீங்க? எதுக்கு வேலையை விட்டீங்க? தப்பு உங்களுதுன்னு எதுக்குச் சொன்னீங்க?"ன்னு. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டாரு. எல்லாத்துக்கும் ஒரே பதில். "அன்னைக்கு நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க மேடம். திங்கக்கெழமை உங்க மொகத்தப் பாத்துச் சொல்லதுக்கு எனக்கு முடியல்ல."

இதெல்லாம் ஒரு பதிலாங்க? நீங்களே சொல்லுங்க.

இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போலாமேன்னாரு. பக்கத்துல ஒரு அக்கா வீடு இருக்கு, அங்க தங்கிக்கலாம், சாயந்தரம் கடல் பாக்கலாம்ன்னாரு. "ரிசல்ட்தான் தெரிஞ்சிருச்சே சார், பொறகென்ன"ன்னு கெளம்பிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தாரு. இதோ, இந்த நேந்திரங்கா சிப்ஸ் வாங்கிக் குடுத்தாரு. எடுத்துக்கங்க, நிறைய இருக்குது. ஜன்னல் கிட்டயே நின்னாரு. நான் எந்த அளவுல எதைக் கலந்தா ஒடையாம இருந்திருக்கும்னு சொல்லிக்கிட்டே வந்தேன். ம் ம்னு கேட்டாரு. பஸ் நகந்தப்பறமும் கொஞ்ச தூரம் கூட நடந்து வந்தாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே வந்தாரு. கண்ணு இன்னும் சரியாகலை போல.

என்னங்க? என்ன, அப்படிப் பாக்கறீங்க?

சேச்சே. என்னங்க நீங்க. அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எனக்கு அம்பத்தி நாலு வயசு. எங்க அம்மா படுத்த படுக்கையா இருந்து, அப்பறம் தங்கச்சி கல்யாணம், அப்பறம் அம்மா போயி... அந்தப் பேச்சையே எங்க வீட்டுல எடுத்ததில்லை. அவரு அப்படிப்பட்டவரும் இல்லீங்க. மேடம் மேடம்னு ஒரு வார்த்தை மேல பேச மாட்டாரு. வீடு சும்மா கெடக்குன்னாரு, வந்தா நல்லா இருக்கும்ன்னாரு. அது... அது சும்மா சொல்றதுதானுங்களே? ஊருப்பக்கம் எல்லாரும் அப்படிச் சொல்றதுதானே?

சொல்லுங்க. நீங்க அந்த ஊருக்காரங்கதானே. அப்படிச் சொல்லுவாங்கல்ல?

ஏன் பேசாம இருக்கீங்க?

...

கயத்தாறு தாண்டிருச்சுங்களா? தெரியலை, நான் வெளிய பாக்கலை.

அந்த ஞாயித்துக்கிழமை... காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும், சாயந்தரத்துல இருந்து விடியற வரைக்கும், ஒண்ணுமே இல்லாத தட்டு. அதும் பக்கத்துல ஒரு மனுசன். சோறு தின்னாரோ என்னமோ. நான் இந்தாண்ட பாயசம் வெச்சுக்கிட்டு இருக்கேன். மிச்சத்தைச் சிங்க்குல ஊத்துனேங்க. சந்துல திரும்பினா கம்பெனி வாசல். ஒரு டம்ளர் கொண்டு போய்க் குடுத்திருந்தா...

இருங்க. ஃபோன் அடிக்குது.

அவருதாங்க.

என்ன பேசறது இப்ப? ...சரி, சரி, எடுக்கறேன்.

ஹலோ. ஆங், சார், அமராவதிதான். ...பஸ்ல தாங்க சார். ...ஆமாங்க, உக்காந்துதான் வர்றேன். ...சாப்பிட்டேங்க. ...சொல்லுங்க சார். ...கேக்குதுங்க, நல்லாக் கேக்குது, சொல்லுங்க. ...

ஒண்ணும் பேச மாட்டேங்கறாருங்க.

இல்லீங்க, லைன் கட்டாகலை. அங்க மழை போல, ஓட்டு மேல விழுகற சத்தம் கேக்குது. மூச்சு விடறது கேக்குது. பேசத்தான் மாட்டேங்கறாரு. ஃபோனை வெக்கவும் மாட்டேங்கறாரு.

நானும் வெக்கலீங்க.